படம் நான்கில் இருப்பது என் கால்

என் பெயர் இசக்கிச்செல்வி. வயது பதினெட்டு. தகப்பனார் பெயர் மந்திரமூர்த்தி. கழுகுமலை சாலையில் மேலக்கரிசல்பட்டி, வடக்குத் தெருவில் குடியிருந்து வருகிறேன். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் முதலாமாண்டு படிக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். அது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததால்தான் இந்தக் காவல் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று உதவி ஆய்வாளர் சொர்ணத்தாய் அம்மா சொல்கிறார்கள். யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் இதை என் கைப்பட எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும், கேலி கிண்டல் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வரிசைக்கு நான் பொறுப்பு. மற்றதற்கு முயற்சி செய்கிறேன்.

என் கைபேசியை இன்று காலை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வாங்குகிற நேரத்தில் அதில் ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. "இரண்டாம் மதிப்பீட்டாளரின் மறு அறிக்கை" என்ற தலைப்பை மட்டும் பார்த்தேன், திறக்கவில்லை. வாக்குமூலம் எழுதி முடித்த பிறகு சொர்ணத்தாய் அம்மாவே திறந்து வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் வேகமாக எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் அதற்கு அந்த மின்னஞ்சலே காரணம்.

கோவில்பட்டியில் மாடியில் அச்சகம் வைத்து, தீப்பெட்டி லேபிளும் அதோடு ஒரு பன்னாட்டு ஆய்விதழும் அச்சிட்டு வரும் ராஜமணி அண்ணாச்சி என் மீது புகார் கொடுத்திருக்கிறார். டாக்டர் பூவனநாதன் என்று உலகத்திலேயே இல்லாத ஒருவரின் பெயரால் தன் இதழை ஏமாற்றிவிட்டார்கள் என்பது புகார். அந்த டாக்டர் பூவனநாதன் நான்தான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே அக்கா. பெயர் தங்கமாரி. கரிசல் மண் கோடையில் ஏன், எவ்வளவு, எந்தத் திசையில் வெடிக்கிறது என்பதை அவள் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வந்தாள். காய்ந்த செடியாக நிற்கும் பருத்திமாரைப் பிடுங்கி முடித்து நிலம் வெறுமனே கிடக்கும் மாதங்களில் எங்கள் புஞ்சையில்தான் அளப்பாள். பழைய சைக்கிள் பிரேக் கம்பியை வெடிப்புக்குள் மெல்ல இறக்கி, அது அடியில் தட்டும் வரை மூச்சு விடமாட்டாள். நான் எதிரே நின்று மூக்கைச் சொறிந்து காட்டுவேன். அவளுக்குச் சிரிப்பு வந்து கம்பி ஆடிவிடும். திரும்ப முதலிலிருந்து இறக்குவாள்.

படம் எடுக்கும்போது வெடிப்பின் அகலம் பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைப்பது வழக்கம். எஃகு அளவுகோல் வெயிலில் பளபளத்துப் படத்தைக் கெடுத்தது. அதனால் அக்கா, "ஏட்டி, ஓங் கால வையி, அது கருப்பா மங்கலா நல்லாத்தான இருக்கு" என்றாள். ஆட்டி ஆட்டி வைத்தேன். என் வலது காலில் இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறவியிலேயே அப்படி. அதைப் பார்த்துவிட்டு, "வெரலுகூட உன்னய மாதிரியே, அடுத்தவன் தலையில ஏறி உக்காருது பாரு" என்றாள். அன்று அந்த இடத்தில் நான், அக்கா, எங்கள் வீட்டு ஆடு கருப்பட்டி ஆகிய மூன்று பேர் மட்டுமே இருந்தோம். ஆட்டின் வால் படத்தின் இடது ஓரத்தில் விழுந்திருக்கிறது. வேறு சாட்சி கிடையாது.

அதன் பிறகு அக்கா எல்லா அளவுகளையும் படங்களையும் தன் நெறியாளரான பேராசிரியர் மணிகண்டபிரபு சாரிடம் கொடுத்தாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டு, "தரவு போதாதும்மா" என்றார். மறு கோடையும் அளந்து கொடுத்தாள். தரவு போதாது. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கடம்பூரில் இறங்கிப் போளி வாங்கிக்கொண்டு போவாள். அவர் மனைவி பூங்கொடி அக்கா, "எதுக்குப் பிள்ள இதெல்லாம்" என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். போளி போதும், தரவு போதாது. கட்டுரை எழுதிப் பெயரோடு அச்சில் வராமல் பட்டம் கிடையாது என்பதால் அக்கா காத்தே கிடந்தாள்.

அதன் பிறகு போன வருடத்துக்கு முந்தின ஆடி மாதத்தில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா, "இத்தன வருசம் தரையில இருக்க வெடிப்பப் பாத்தியே, ஒரு நா எங்க மூஞ்சியப் பாத்தியாளா?" என்று கேட்டார்கள். அக்கா தட்டில் இருந்ததை முழுதாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாள். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாக ஒரே ஒரு தடவை யாருடைய போனிலிருந்தோ பேசினாள். அதன் பிறகு எண்ணை மாற்றிவிட்டாள். பிரேக் கம்பியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். அது அங்கேயே தொங்குகிறது. இந்தக் கோடையில் யாரும் கேட்காமலே நான் அதை எடுத்துப் போய், அதே இடத்தில் காலை வைத்து ஒரு படம் எடுத்தேன். எதிரே நின்று மூக்கைச் சொறிய யாரும் இல்லாததால் கம்பி ஆடவில்லை, காலும் அசையவில்லை. படம் ரொம்பத் தெளிவாக வந்திருக்கிறது. யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அந்தக் கைபேசியிலேயே கிடக்கிறது. சொர்ணத்தாய் அம்மா பார்த்துக்கொள்ளலாம்.

ஆய்விதழில் கட்டுரை வந்தால் எழுதியவர் பெயருக்குக் கீழே அவரது மின்னஞ்சல் முகவரியும் வரும். அக்காவின் முகவரி எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. அவள் என்றைக்காவது எங்காவது எழுதினால் அது கிடைக்கும் என்று நினைத்து, கல்லூரிக் கணினியில் ஒவ்வொரு இதழாகத் திறந்து அவள் பெயரைத் தேடி வந்தேன். எத்தனையோ தங்கமாரிகள் கிடைத்தார்கள். ஒருவர் பல் மருத்துவர். ஒருவர் மீன் பற்றி எழுதுகிறார். எங்கள் தங்கமாரி கிடைக்கவில்லை.

அப்படித் தேடும்போதுதான் ராஜமணி அண்ணாச்சியின் ஆய்விதழைப் பார்த்தேன். அக்கா ஆரம்பத்தில் இதற்கு ஒரு சிறு கட்டுரை அனுப்பி, கட்டணம் கட்டாததால் வராமல் போனது நினைவுக்கு வந்தது. இவர்கள் எதையாவது வாசிக்கிறார்களா என்று சோதித்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு ஏற்பட்டது. அதன்படி தை மாதத்தில், "கடம்பூர் போளியின் வட்டத்தன்மை கரிசல் மண்ணின் ஈரப்பதத்தில் ஏற்படுத்தும் தாக்கம்" என்று ஒரு கட்டுரை தயாரித்தேன். போளி முழு வட்டமாக இருந்த நாட்களில் மழை பெய்யவில்லை, பாதி கடித்த போளியின் நாட்களிலும் பெய்யவில்லை, ஆகவே இத்துறையில் மேலும் போளிகள் தேவை என்பது அதன் முடிவுரை. எழுதியவர் டாக்டர் பூவனநாதன். பூவனநாதர் கோவில்பட்டிச் சிவன் கோயில் சாமி; அந்த ஊரில் பூவனநாதன் என்று ஒருவர் இல்லை என்று அடித்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது என்பதால் அந்தப் பெயரை வைத்தேன்.

கட்டுரை ஆழமானது என்று பாராட்டி ஏற்றுக்கொண்டு பதில் வந்தது. திருத்தம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள். போளியின் படம் இன்னும் தெளிவாக இருக்கலாம் என்றார்கள். நான் கட்டணம் கட்டவில்லை, அவர்களும் அச்சிடவில்லை. ஆனால் பூவனநாதனைக் கரிசல் மண் வல்லுநராகக் குறித்து வைத்துக்கொண்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கும்படி அம்மா கேட்டதால் எழுதுகிறேன். ஒரு கட்டுரையை அச்சிடுவதற்கு முன் எழுதியவர் பெயரை மறைத்து, அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பிச் சரிதானா என்று கேட்பது ஆய்விதழ்களின் வழக்கம். அவர்கள்தான் மதிப்பீட்டாளர்கள். அவர்கள் யார் என்பது எழுதியவருக்கும் தெரியாது, ஒருவருக்கொருவரும் தெரியாது. அண்ணாச்சி அதுவரை அந்த வழக்கத்தோடு சண்டை சச்சரவு இல்லாமல் தூரமாக இருந்து வந்தார். இந்த வருடம் கல்லூரிகள் மதிப்பீட்டுக்கு ஆதாரம் கேட்க ஆரம்பித்ததால், இதுவரை கரிசல் மண் பற்றிக் கட்டுரை அனுப்பியவர்கள் எல்லாருடைய முகவரிக்கும் மதிப்பீடு கேட்டு அனுப்பும்படி தட்டச்சு செய்யும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். பங்குனி மாதத்தில் டாக்டர் பூவனநாதனுக்கும் ஒரு கட்டுரை வந்தது.

கரிசல் வெடிப்புகள் பற்றிய கட்டுரை. சிரிக்கலாம் என்றுதான் திறந்தேன். படம் நான்கில் என் கால் இருந்தது.

விரல் மேல் விரல் ஏறி உட்கார்ந்திருந்தது. இடது ஓரத்தில் கருப்பட்டியின் வால் இருந்தது. கீழே, "அளவுகோலாக ஒரு கால்" என்று எழுதியிருந்தது. எழுதியவர் பெயரை மேலே மறைத்திருந்தார்கள், ஆனால் கடைசியில் நன்றியுரையில், "என் அன்பு மனைவி பூங்கொடிக்கு" என்று இருந்ததை மறைக்க மறந்துவிட்டார்கள். அளந்தவளுக்கு நன்றி இல்லை. நிலத்துக்கு இல்லை. போளிக்குக்கூட இல்லை. எல்லா எண்களும் அக்காவின் எண்கள். போதாது போதாது என்று சொன்ன அதே எண்கள்தான்.

அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அக்கா தெரியவில்லை. காலுக்கு மேலே ஒரு நிழல் விழுந்திருக்கிறது, அது அவள் நிழல்.

அதன் பிறகு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினேன். இந்தக் கட்டுரையில் தங்களுக்குச் சொந்த நலன் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. "ஒரு கால் உண்டு" என்று உண்மையாகவே எழுதினேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கீழே, படம் நான்கில் உள்ள கால் யாருடையது, படம் எடுத்தவர் யார், நிழலாக விழுந்திருப்பவரின் பெயர் கட்டுரையில் ஏன் இல்லை, அந்தப் பெயர் வராமல் இதை அச்சிடக் கூடாது என்று எழுதி அனுப்பினேன்.

மதிப்பீட்டாளர்களின் அறிக்கை வந்தால் பெயரை எடுத்துவிட்டு, அந்தக் கட்டுரையில் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் அப்படியே அனுப்பிவிடுவது அந்த அலுவலகத்து வழக்கம். சில நாட்கள் கழித்து இரண்டாம் மதிப்பீட்டாளரின் அறிக்கை எனக்கு வந்தது. அட்டவணை, சாய்வு, ஈரப்பதம் என்று வறண்ட அறிக்கை. கடைசி வரியை மட்டும் மனப்பாடமாக எழுதுகிறேன். "படம் நான்கின் அளவுகோலை நம்ப முடியாது. படம் எடுக்கும்போது அந்தக் கால் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை."

அந்தக் கால் அசைந்தது படத்தில் தெரியாது. அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கருப்பட்டிக்கு மின்னஞ்சல் கிடையாது.

அக்காவும் ஒரு காலத்தில் கரிசல் மண் பற்றிக் கட்டுரை அனுப்பியவள்தானே. அவளிடமிருந்து எடுத்ததை அவளுக்கே அனுப்பிச் சரியா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. அப்பா அன்று கம்பு விதை வாங்கக் கயத்தாறு போய்விட்டுத் திரும்பி, "என்னட்டி மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்று கேட்டார்கள். வெயில் என்றேன்.

அதன் பிறகு எழுதியவரின் விளக்கம் வந்தது. அந்தக் கால் தன்னுடைய ஆண் உதவியாளர் ஒருவருடையது என்றும், அவர் தற்போது வெளிநாட்டில் இருப்பதால் விசாரிக்க இயலாது என்றும் எழுதியிருந்தார். அதை வாசித்த நேரத்தில் நான் கழுகுமலை பஸ்ஸில் அதே காலை ஒருவர் மிதிக்க நின்றுகொண்டிருந்தேன். மறு அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று ஒரு வரி எழுதிவிட்டு, கீழே, "இரண்டாம் மதிப்பீட்டாளர் கவனத்துக்கு: படத்தின் இடது ஓரத்தில் உள்ள கருப்பட்டி குட்டி போட்டிருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன். மதிப்பீட்டில் ஆடு பற்றி எழுதக் கூடாது என்று எந்த விதியிலும் நான் பார்க்கவில்லை.

பதில் வரவில்லை. வைகாசி பிறந்தும் வரவில்லை. பயந்துவிட்டாளா, கோபமா, அல்லது அது அவளே இல்லையா என்று தெரியாமல் தினமும் பூவனநாதனின் அஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். பொறுக்க முடியாமல் நேற்று மதியம் கல்லூரி முடிந்து அண்ணாச்சியின் அச்சகத்துக்குப் போனேன்.

"யாரு தாயி?" என்று கேட்டார்.

"டாக்டர் பூவனநாதன் அண்ணாச்சி."

"அவிய பெரிய ஆளுல்லா. நீ அவிய மகளா?"

"அவியளே நாந்தான்."

அவர் நம்பவில்லை. ஆகையால் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை அவர் மேசை மேல் வைத்து, பக்கத்தில் படம் நான்கை வைத்தேன். "ஏ கால எடு, ஈர லேபிள் காயுது" என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே குனிந்து பார்த்தார். பிறகு லேபிள் அளக்கும் அளவுகோலை எடுத்து என் காலை அளந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெரலு ஏறித்தான் இருக்கு" என்றார். "ஆனா அவரு புரபசரு. நான் அச்சடிக்கவன். கால வச்சு நான் எப்பிடித் தாயி தீர்ப்புச் சொல்லுவேன்?"

"அட்டையில ஆசிரியர்னு உங்க பேருதான அண்ணாச்சி இருக்கு?"

"அங்கன எடம் சும்மா கெடந்துச்சு, போட்டேன்."

நான் அவரிடம் வேறு ஒன்றும் கேட்க வரவில்லை என்றும், இரண்டாம் மதிப்பீட்டாளரின் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அது மட்டும் முடியாது" என்றார். "யாரு மதிப்பிட்டாங்கன்னு வெளிய சொல்லக்கூடாது. இந்தத் தொழில்ல நான் இன்னும் மீறாத விதி அது ஒண்ணுதான். அதையும் மீறச் சொல்லுதியா?"

என் அக்காதான் என்று சொன்னேன். தன்னைப் பெற்ற தாயாக இருந்தாலும் அதேதான் என்றார். அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்ததனால்தான் அங்கே நிற்க முடியவில்லை. படியிறங்கி பஸ் நிலையத்துக்கு வந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லாததைப் பார்த்தேன். அந்தச் செருப்பை அண்ணாச்சி இன்று சான்றுப் பொருளாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

நான் போன பிறகு அண்ணாச்சி மணிகண்டபிரபு சாருக்குப் போன் செய்து காலைப் பற்றிக் கேட்டதாகவும், பொய்ப் பெயரில் வந்தவளைப் பிடித்துக் கொடுக்காமல் என்னிடம் கேள்வி கேட்கிறீரா என்று அவர் கோபப்பட்டதாகவும், அதனால்தான் புகார் எழுதியதாகவும், வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியே அம்மாவிடம் சொன்னார். இரண்டாம் மதிப்பீட்டாளரும் வேண்டாம் என்றால் அச்சில் ஏற்ற மாட்டேன் என்றும் சொன்னார். புகார் கொடுக்க அவர் இங்கே வந்த நேரத்தில், அவர் அலுவலகத்துப் பெண் வழக்கம்போல் அந்த அறிக்கையைப் பூவனநாதனுக்கே அனுப்பிவிட்டாள். அதுதான் மேசை மேல் இருக்கும் மின்னஞ்சல்.

பொய்ப் பெயரில் மதிப்பீடு எழுதியது தப்பு. நம்பிக் கொடுத்த கட்டுரையின் படத்தை எடுத்துக்கொண்டு அலைந்ததும் தப்பு. அதற்கு என்ன உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த அஞ்சல் முகவரியை மட்டும் மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்குத் தெரிந்த என் வாசல் இப்போது அது ஒன்றுதான்.

இத்துடன் நிறுத்தியபோது சொர்ணத்தாய் அம்மா கைபேசியை நிமிர்த்தித் திறந்து, சத்தமாக வாசித்தார்கள். அதையும் இதில் சேர்த்து எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

"எழுதியவரின் விளக்கம் பொய். படம் நான்கில் உள்ள கால் ஒரு பெண்ணுடையது, அவள் என் தங்கை. இந்த அளவுகளை எடுத்தவர் பெயர் தங்கமாரி. பெயரை மறைக்க வேண்டிய நான் இதை எழுதக் கூடாது, தெரிந்தேதான் எழுதுகிறேன். இதை அச்சிடக் கூடாது. முதல் மதிப்பீட்டாளர் கவனத்துக்கு: குட்டிகள் எத்தனை என்று குறிப்பிடப்படவில்லை. தரவு போதாது. நேரில் வந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது."

என்றைக்கு என்று தேதி போடவில்லை. இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னேன், வாசித்தார்கள். வெளி பெஞ்சில் அண்ணாச்சி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அம்மா கைபேசியை என் பக்கம் தள்ளி, "எத்தன குட்டின்னு பதில் போட்டுருதியாட்டி?" என்று கேட்டார்கள்.

"வேண்டாம்மா. சொல்லிட்டா வரமாட்டா" என்றேன்.

மேலே எழுதியவற்றில் பூவனநாதன் என்ற பெயர் ஒன்றே பொய். மற்றவை நான் கண்டதும் செய்ததும் ஆகும். வாசித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. குட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ம. இசக்கிச்செல்வி

என் முன்னிலையில் எழுதப்பட்டது. செருப்பு ஒன்று திருப்பித் தரப்பட்டது.
(ஒப்பம்) சொர்ணத்தாய், உதவி ஆய்வாளர்